துணி அட்டைப் புத்தகம் சேர்க்கிறீர்களா? முதுகைப் பார்த்து வாங்குங்கள்

என் அப்பா பைண்டிங் வேலை பார்த்தவர். அலுவலகப் பேரேடுகளும் நூலகங்களிலிருந்து வரும் கிழிந்த புத்தகங்களும்தான் அவர் கைக்கு அதிகம் வந்தவை. நான் முதன்முதலாக ஆசைப்பட்டு வாங்கிய துணி அட்டை நாவலை அவரிடம் பெருமையாக நீட்டினேன். அடர் நீலத் துணி, அதன் மேல் வெள்ளி நிறத்தில் இலையும் கொடியுமாக அட்டை முழுக்க வேலைப்பாடு. அவர் முன்னட்டையைப் பார்க்கவே இல்லை. புத்தகத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கி, முதுகின் மேல்முனையை உற்றுப் பார்த்தார். பாதி திறந்து மறுபடியும் பார்த்தார்.

"அழகா இருக்குடா. தையல் எங்க?" என்றார்.

தையல் இல்லை. வெறும் பசை. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. பதினான்கு வருடம் கழித்து, இப்போது நானும் கடைக்குள் நுழைந்தால் முதலில் புத்தகத்தின் உச்சந்தலையைத்தான் பார்க்கிறேன். என்னிடம் ஓர் அலமாரியில் 83 புத்தகங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய அதே அளவு வாங்கி, வருத்தப்பட்டு, கைமாற்றியும் விட்டிருக்கிறேன். அந்த இரண்டாவது கணக்கிலிருந்து கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்தக் கணக்கு கொஞ்சம் குறையட்டும்.

அது துணிதானா?

இதைக் கேட்பதே வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் படத்தைப் பார்த்து வாங்கும் காலத்தில் முதல் ஏமாற்றம் இங்கேதான். காகிதத்தில் நெசவு போலப் புடைப்பு அழுத்தி, அட்டைமேல் ஒட்டி விற்கிறார்கள். விற்பனைக் குறிப்பில் 'ஹார்ட்கவர்' என்று மட்டும் இருந்தால் அது கெட்டி அட்டை, அவ்வளவுதான். துணி என்று அர்த்தமில்லை.

கையில் இருக்கும் புத்தகம் என்றால் சோதிப்பது எளிது. கைபேசி விளக்கை அட்டைக்குப் பக்கவாட்டில், மேசையோடு மேசையாகச் சாய்த்துப் பிடியுங்கள். உண்மையான துணியில் நூல்கள் ஒரே தடிமனில் இருக்காது. ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, ஆங்காங்கே ஒரு முடிச்சும் தெரியும். புடைப்புக் காகிதத்தில் எல்லாம் அச்சுப்பிசகாமல் ஒரே சீராக ஓடும். அதிலும் சந்தேகம் தீரவில்லையா? அட்டையைத் திறந்து, மேலுறைப் பொருள் உள்பக்கம் மடிந்து ஒட்டியிருக்கும் விளிம்பைப் பாருங்கள். துணியென்றால் அங்கே ஓரிரண்டு இழையாவது பிரிந்து நிற்கும். பழைய புத்தகத்தில் இன்னும் சுலபம். மூலை தேய்ந்தால் துணி பஞ்சு விடும், காகிதம் வெள்ளையாகச் செதில் விடும்.

முதுகுக்கு மட்டும் துணி, மற்ற இடமெல்லாம் அச்சிட்ட காகிதம் என்ற கலப்பு வகையும் உண்டு. அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். அதிக உழைப்பு முதுகுக்குத்தான், அங்கே துணி இருந்தால் போதும். சில பதிப்புகளில் அந்தக் காகிதத்தின் வேலைப்பாடு முழுத்துணியைவிட அழகாக இருக்கிறது.

துணியிலும் வகைகள் பல. பக்ரம் என்பது கெட்டியான, கஞ்சியோ வேறு பூச்சோ ஏற்றிய முரட்டுத் துணி. நூலகங்கள் விரும்புவது இதைத்தான், அடிதாங்கும். லினன் தொட்டால் சொரசொரப்பாக, இழை துலக்கமாக இருக்கும். ரேயான் கலந்தது வழவழப்பாக, லேசாகப் பளபளக்கும். பழைய புத்தக விளம்பரங்களில் 'காலிகோ பைண்டிங்' என்று படித்திருப்பீர்களே, அது சாதாரணப் பருத்தித் துணி. அந்தப் பெயரே கோழிக்கோட்டிலிருந்து கப்பலேறிப் போனதுதான்.

தையலா, பசையா

இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படியுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அச்சகத்தில் ஒரு பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அச்சிட்டு மடிப்பார்கள். மடித்த அந்தக் கட்டுக்குப் பாரம் என்று பெயர். பெரும்பாலும் 16 பக்கமோ 32 பக்கமோ ஒரு பாரம். ஒவ்வொரு பாரத்தின் மடிப்பு வழியாகவும் நூல் கோத்து, அடுத்த பாரத்தோடு பிணைத்து, எல்லாவற்றையும் ஒரே கட்டாக்குவது தையல் பைண்டிங். பசை பைண்டிங்கில் அந்த மடிப்புகளை வெட்டியெறிந்துவிட்டு, தனித்தனித் தாள்களாக்கி, வெட்டிய விளிம்பைச் சொரசொரப்பாக்கி, பசை தடவி ஒட்டிவிடுவார்கள். இரண்டின் மேலும் ஒரே நீலத் துணியைப் போர்த்தினால் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. புத்தகத்தைப் பாதி திறந்தபடி மேலிருந்து முதுகுப்பக்கம் பாருங்கள். தைத்த புத்தகத்தில் சின்னச் சின்ன வளைவுகள், குட்டிப் புத்தகங்களை வரிசையாக நிறுத்தியதுபோலத் தெரியும். பசைப் புத்தகத்தில் வெட்டிய தாள் கட்டு போல நேர்கோடாக இருக்கும். அடுத்து, ஒரு பாரத்தின் நடுப்பக்கத்தைத் தேடிப் பிடியுங்கள். 16, 32 என்று எண்ணிக்கொண்டே புரட்டினால், எங்கோ ஓரிடத்தில் இரண்டு பக்கங்களுக்கு நடுவே பள்ளத்தில் வெள்ளை நூல் ஓடும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் வேறு சாட்சி வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. முதுகின் மேலும் கீழும் கோடுகோடாக வண்ண நூல் பட்டை ஒன்று இருக்கும் பாருங்கள், அதைத் தையலுக்கு அடையாளம் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்திருக்கிறேன். ஒரு காலத்தில் அதைக் கையால் பின்னினார்கள். இப்போது சுருளாக வருகிறது, துண்டு நறுக்கி ஒட்டிவிடுகிறார்கள். பக்க அடையாளத்துக்குத் தொங்கும் பட்டு நாடாவும் அப்படித்தான். ஒரு துளி பசை போதும் அதற்கு.

நேரில் பார்க்க முடியாதபோது விற்பவரிடம் ஒரு படம் கேட்பேன்: "புத்தகத்தைப் பாதி திறந்து, மேலிருந்து முதுகு தெரிய ஒரு படம் அனுப்ப முடியுமா?" நல்ல விற்பனையாளர் கேள்வியின் நோக்கத்தைப் புரிந்துகொண்டு, கேட்காத இரண்டு படத்தையும் சேர்த்து அனுப்புவார். பதிலே வரவில்லை என்றால் அதுவும் பதில்தான்.

பசைப் புத்தகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. இப்போது வரும் பாலியூரிதேன் வகைப் பசை, முன்பிருந்த சூட்டுப் பசையைவிட எவ்வளவோ பரவாயில்லை. அந்தப் பழைய பசை வயதானால் விறைத்து உடையும், பாலியூரிதேன் வளைந்துகொடுக்கும். 200 பக்க நாவல் என்றால் பசையோடு வாழலாம். 800, 900 பக்கத்து ரஷ்ய நாவலைப் பசையில் வாங்கினால் பாதிக் கதையில் முதுகு 'சடக்' என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன்.

தாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதிப்புரிமைப் பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள் படுக்கவைத்த எட்டு போன்ற முடிவிலிக் குறி இருந்தால் நல்லது, அது அமிலமற்ற நிலைத்த தாள் என்பதற்கான அடையாளம். அமெரிக்காவில் இதற்கான தரநிர்ணயம் 1984இல் வந்தது, சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 9706 வந்தது 1994இல். குறி இல்லாவிட்டாலும் பல பதிப்பகங்கள் 'அமிலமற்ற தாள்' என்று எழுத்திலேயே போட்டிருப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து மரக்கூழும், மை பரவாமலிருக்கப் படிகாரமும் பிசினும் சேர்த்த தாள்கள் பெருகின. அவை தமக்குள்ளேயே அமிலத்தை வைத்துக்கொண்டு பழுத்து நொறுங்குகின்றன. பக்க ஓரத்தைத் தொட்டதும் சருகாக உதிர்ந்தால் துணி எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மினுங்குவது எதனால்

நான் சொன்ன அந்த நீல அட்டை நாவலை வாங்கிய கையோடு படிக்கத் தொடங்கினேன். படுத்துக்கொண்டு, ஒரு கையில் தாங்கி, பதினோரு இரவு. பன்னிரண்டாம் நாள் அலமாரியில் வைக்கும்போதுதான் கவனித்தேன். பின்னட்டையில் நாலு விரல் படும் இடத்தில் நாலு வழுக்கைத் திட்டு. கொடி அங்கே வந்து நின்று, விரல் அகலத்துக்குக் காணாமல் போய், மறுபடி தொடங்கியது. விரல்நுனியைத் தடவிப் பார்த்தால் வெள்ளித் தூள் ஒட்டியிருந்தது.

பக்கத்திலேயே 1890களில் வந்த, நூற்றாண்டு கடந்த ஒரு பழைய புத்தகம் இருந்தது. அதன் துணி சாயம் வெளுத்து, மூலைகள் பஞ்சு விட்டிருந்தன. பொன் எழுத்து மட்டும் நேற்றுப் போட்டதுபோல இருந்தது. இது என்ன நியாயம் என்று தேடிப் போனபோதுதான் விஷயம் புரிந்தது.

பழையதில் இருந்தது உண்மையான தங்கத் தகடு. முட்டையின் வெள்ளைக்கருவிலிருந்து செய்த பசை போன்றவற்றைத் தடவி, அதன் மேல் தங்கத் தகட்டை வைத்து, சூடேற்றிய பித்தளை அச்சால் ஓங்கி அழுத்துவார்கள். துணி அந்த இடத்தில் பள்ளமாகிவிடும், தங்கம் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். கை படுவதெல்லாம் சுற்றியிருக்கும் மேட்டில். தங்கம் கறுக்கவும் கறுக்காது.

இப்போதைய பளபளப்பு ஃபாயில். மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேல் ஏற்றிய நிறமியோ, அலுமினியப் படிவோ, சூட்டில் இளகும் ஒட்டுப்பூச்சோடு சேர்ந்து துணிக்கு இடம்பெயர்கிறது. பொன் நிறம் என்பதே பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் மஞ்சள் பூச்சுதான். துணி சமதளம் இல்லையா, ஃபாயில் இழைகளின் உச்சியில்தான் நன்றாகப் பிடிக்கும். விரலும் முதலில் உரசுவது அதே உச்சியைத்தான்.

ஆகவே வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். வேலைப்பாடு துணிக்குள் இறங்கியிருக்கிறதா, மேலே தவழ்கிறதா? நகத்தால் அல்ல, விரல் வயிற்றால் மெல்லத் தடவினாலே தெரியும். இரண்டாவது, கை பிடிக்கும் இடத்தில் வேலைப்பாடு எவ்வளவு? முதுகிலும் முன்னட்டை நடுவிலும் மட்டும் இருந்தால் தப்பிக்கும், அட்டை முழுக்கப் படர்ந்தால் தேயும். மூன்றாவது, உலோகப் பளபளப்பு இல்லாத வெள்ளை, மஞ்சள் போன்ற நிறமி ஃபாயில்களை நான் கூடுதல் சந்தேகத்தோடு பார்க்கிறேன். என்னிடம் முதலில் உதிர்ந்தவை அவைதான்.

அட்டைக்குள் இருக்கும் எழுத்து

அழகுப் பதிப்பு சேர்ப்பவர்களிடம் எனக்கு ஒரு பெரிய மனத்தாங்கல் உண்டு. மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பார்ப்பதே இல்லை. காப்புரிமை முடிந்த மூலத்துக்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அதேபோலக் காப்புரிமை முடிந்த பழைய மொழிபெயர்ப்புக்கும் கொடுக்க வேண்டியதில்லை. அதனால் சில பதிப்பகங்கள் கைக்குக் கிடைத்த பழைய மொழிபெயர்ப்பை எடுத்து, செலவையெல்லாம் அட்டைக்குப் போட்டுவிடுகின்றன. பழையது என்பதால் மட்டம் என்று சொல்லமாட்டேன், சில அருமையானவை. ஆனால் தலைப்புப் பக்கத்திலோ அதன் பின்பக்கத்திலோ மொழிபெயர்த்தவர் பெயரே இல்லாத புத்தகத்தை நான் வாங்குவதில்லை. உழைத்தவர் பெயரை மறைத்த இடத்தில் வேறென்ன மறைத்தார்களோ. சுருக்கப்பட்ட பதிப்பா என்றும் பாருங்கள், சில நேரம் பொடி எழுத்தில்தான் சொல்லியிருப்பார்கள்.

எழுத்தளவு, வரி இடைவெளி, உள்பக்க ஓரம் இதையெல்லாம் ஒரு பக்கம் முழுக்கப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முதுகுப்பக்க ஓரம் குறுகலாக இருந்தால் வரியின் கடைசி எழுத்து பள்ளத்துக்குள் விழுந்துவிடும். அங்கே கண்ணும் விழும்.

எந்த வரிசை

சேகரிப்பவர்களைப் பிடிக்கும் நோய் ஒன்று உண்டு, வரிசையை முழுமையாக்குவது. மூன்று வருடம் ஒரே வரிசையைத் துரத்தினேன். நடுவில் பதிப்பகம் புத்தக உயரத்தை மாற்றிவிட்டது. பதினொன்று ஒரு உயரம், ஐந்து இன்னொரு உயரம். தட்டில் பார்த்தால் பல் விழுந்த வாய் போல இருந்தது. அத்தோடு அந்த நோய் தெளிந்தது. இப்போது படித்ததை, இல்லை ஒரு வருடத்துக்குள் படிக்கப்போவதை மட்டும் வாங்குகிறேன்.

ஆனாலும் தொடக்கத்துக்கு ஒரு வரிசையைப் பிடித்துக்கொள்வது கண்ணைப் பழக்க உதவும். எனக்குப் பிடித்தது எவ்ரிமேன்ஸ் லைப்ரரி. 1906இல் ஜே. எம். டெண்ட் லண்டனில் தொடங்கியது. ஆயிரம் செவ்விலக்கியங்களைச் சாதாரண வாசகன் கைக்குக் கொண்டுபோவது அவர் இலக்கு. 1926இல் அவர் இறந்துவிட்டார், ஆயிரமாவது தொகுதி 1956இல் வந்தது. டெண்ட் அடிப்படையில் ஒரு பைண்டர். அதனாலோ என்னவோ, முதல் தொகுதிகளில் முன்னட்டையை விட்டுவிட்டு முதுகில் கொண்டுபோய்ப் பொன்கொடி வேலைப்பாட்டைக் கொட்டியிருக்கிறார்கள். அலமாரியில் தெரியப்போவது அதுதானே. 1991இல் இந்த வரிசை புதுப்பிக்கப்பட்டது. இப்போது வருவதும் தைத்த முதுகு, துணி அட்டை, அமிலமற்ற தாள். பழைய தொகுதிகள் ஏராளமாக அச்சானவை, பழைய புத்தகச் சந்தையில் அலையாமல் கிடைக்கும். பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

1901இல் தொடங்கிப் பிறகு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்துக்குப் போன வேர்ல்ட்ஸ் கிளாசிக்ஸின் பழைய துணிப் பதிப்புகள் சட்டைப்பைக்கு அடங்குபவை. பயணத்துக்கு இவைதான் எனக்கு. ஜெர்மன் படிப்பவர்களுக்கு சூரிச்சிலிருந்து 1944 முதல் வந்த மானெஸ்ஸே வரிசையின் குட்டி லினன் புத்தகங்கள் ஒரு தனி உலகம். படங்களோடு, கெட்டி அட்டைக் கூட்டுக்குள் வைத்துத் தருபவை வேண்டுமென்றால் 1947இல் லண்டனில் தொடங்கிய ஃபோலியோ சொசைட்டி. கூட்டுப் புத்தகத்தில் ஒரு சின்ன விஷயம்: விரலால் கிள்ளி இழுக்காதீர்கள். கூட்டை லேசாகச் சாய்த்தால் புத்தகம் தானே வழுக்கி உள்ளங்கைக்கு வரும்.

புதியவற்றில் இந்த மோகத்தை மறுபடி கிளப்பிவிட்டது 2008இல் பெங்குவினுக்காகக் கோராலி பிக்ஃபோர்டு-ஸ்மித் வடிவமைக்கத் தொடங்கிய துணி அட்டை வரிசை. ஒவ்வொரு நூலுக்கும் அதன் கதையிலிருந்து ஒரு சின்னத்தை எடுத்து, அதையே திரும்பத் திரும்ப அடுக்கி ஒரு கோலமாக்கியிருப்பார். கதையைப் படித்து முடித்த பிறகு அட்டையைப் பார்த்தால்தான் 'அட!' என்று தோன்றும்.

நூறு வயதுக்கு மேற்பட்டவை

1820களுக்கு முன் புத்தகங்கள் பெரும்பாலும் மெல்லிய காகித அட்டையோடு விற்கப்பட்டன. வசதியுள்ளவர் தன் விருப்பப்படி தோல் அட்டை போட்டுக்கொள்வார். 1820களின் நடுவில் லண்டனில் வில்லியம் பிக்கரிங் என்ற பதிப்பாளரும் ஆர்ச்சிபால்ட் லைட்டன் என்ற பைண்டரும் துணியைக் கொண்டுவந்தார்கள். சாதாரணத் துணியில் பசை ஊறி மேலே கசிந்துவிடும். லைட்டன் துணிக்குக் கஞ்சி ஏற்றி அந்தச் சிக்கலைத் தீர்த்தார். 1832 வாக்கில் துணிமேலேயே பொன் அச்சு வந்தது. 1890களிலும் 1900களின் தொடக்கத்திலும் இந்தக் கலை உச்சத்தில் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு அழகெல்லாம் காகித மேலுறைக்கு இடம்பெயர்ந்தது, துணி வெறுமையாகிவிட்டது. வருடம் போடாத புத்தகம் கையில் கிடைத்தால் இந்த ஓட்டத்தை வைத்தே ஏறக்குறையக் காலம் சொல்லிவிடலாம்.

அட்டை வடிவமைப்பாளரைத் துரத்துவது தனிச் சுகம். அமெரிக்காவில் மார்கரெட் ஆர்ம்ஸ்ட்ராங் (1867–1944) 270க்கும் மேற்பட்ட அட்டைகளை வடிவமைத்தவர். கொடிக்கும் பூவுக்கும் நடுவில் எம், ஏ என்ற இரண்டு எழுத்தைப் பின்னி ஒளித்து வைத்திருப்பார், பூதக்கண்ணாடியோடு தேடலாம். சாரா வைமன் விட்மன் இதற்கு நேர் எதிர், நாலு கோட்டில் அட்டையை முடித்துவிடுவார். கிளாஸ்கோவில் பிளாக்கி பதிப்பகத்துக்கு டால்வின் மோரிஸ். 1894இல் ஜார்ஜ் ஆலன் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்' பதிப்பு, பச்சைத் துணியில் தோகை விரித்த பொன்மயிலோடு, ஹ்யூ தாம்சன் வரைந்தது. அந்த மயில் இன்றைக்கும் பல மறுபதிப்புகளில் வலம் வருகிறது. அதனால் அசல் என்று யாராவது சொன்னால் தலைப்புப் பக்கத்தின் படத்தைக் கேளுங்கள்.

நிறம் சரியில்லையே என்று குழம்பாதீர்கள். அக்காலப் பதிப்பாளர்கள் அச்சிட்ட பாரங்களை விற்க விற்கப் பகுதி பகுதியாக பைண்டிங்குக்கு அனுப்புவார்கள். அப்போது எந்தத் துணி இருந்ததோ அது. ஒரே பதிப்பு மூன்று நிறத்தில் வருவது சாதாரணம்.

பச்சை மட்டும் வேறு கதை. 1840களிலிருந்து 1860கள் வரை வந்த பளிச்சென்ற மரகதப் பச்சைத் துணிகளில் சிலவற்றில் ஆர்செனிக் கலந்த நிறமி இருக்கிறது. அமெரிக்காவின் வின்டர்தர் அருங்காட்சியகத்தில் 2019 முதல் இதையே ஒரு தனித் திட்டமாக ஆராய்கிறார்கள். 2024இல் பிரான்ஸின் தேசிய நூலகம் நான்கு புத்தகங்களைப் பயன்பாட்டிலிருந்து விலக்கி வைத்தது. பார்த்தாலே ஆபத்து என்று அலற வேண்டாம், நிறமி உதிர்ந்து கையில் ஒட்டுவதுதான் பிரச்சினை. அந்தக் காலத்துப் பளிச்சென்ற பச்சை கையில் வந்தால் நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் வையுங்கள், மேசையை ஈரத்துணியால் துடைத்துக் கையைக் கழுவுங்கள். விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் இருந்தால் அதை எந்தப் புத்தகத்திலும் விட்டுவிடுவது நல்லது. குழந்தைகள் எட்டும் தட்டில் வேண்டாம்.

விற்பவரின் குறிப்பில் 'முதுகு வெளுத்தது' என்றிருந்தால் கவலையில்லை, அது வயது. 'மூட்டு தளர்ந்தது' என்றால் முதுகும் அட்டையும் சேரும் மடிப்பு விட்டுக்கொண்டிருக்கிறது, யோசியுங்கள். 'முன்பு நூலகத்தில் இருந்தது' என்றால் முத்திரையும் ஒட்டுச்சீட்டும் நிச்சயம். பழுப்புப் புள்ளிகளோடு வாழ்ந்துவிடலாம். பூஞ்சை வாடையோடு வாழ முடியாது. ஒரு பூஞ்சைப் புத்தகம் தட்டு முழுக்க வாடையைப் பரப்பிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

புதுப் புத்தகத்தை எடுத்தவுடன் நடுவில் பிளக்காதீர்கள். அப்பா செய்வது இப்படி: முதுகைக் கீழே வைத்து மேசையில் நிறுத்துவார். முன்னட்டையைப் படுக்கவைப்பார், பிறகு பின்னட்டையை. அப்புறம் முன்னாலிருந்து பத்துப் பக்கம், பின்னாலிருந்து பத்துப் பக்கம், மாற்றி மாற்றி மெல்ல அழுத்திக்கொண்டே நடுவுக்கு வருவார். ஐந்து நிமிட வேலை. முதுகு சமமாக இளகிவிடும்.

அலமாரியில் நேராக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் முதுகு கோணிவிடும், பிறகு எந்த வைத்தியமும் பலிக்காது. திணித்தும் அடுக்காதீர்கள், இரண்டு விரல் இறங்கும் அளவு இடம் இருக்கட்டும். எடுக்கும்போது முதுகின் உச்சியைக் கொக்கி போட்டு இழுப்பதுதான் துணி கிழிவதற்கு முதல் காரணம். இரு பக்கத்துப் புத்தகங்களையும் சற்று உள்ளே தள்ளிவிட்டு, நடுவே பிடித்து எடுங்கள்.

வெயில் துணிக்கு எமன். நேர் வெயில்தான் என்றில்லை, ஜன்னல் வெளிச்சமே வருடக்கணக்கில் வேலையைக் காட்டும். ஊதாவும் சிவப்பும் முதலில் போகும். போன நிறம் திரும்பாது. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் காற்றோட இடம் விட்டு வையுங்கள். ஒரு சிறிய ஈரப்பதமானியைத் தட்டில் வைத்தால் ஊகிக்க வேண்டியதில்லை.

கஞ்சி ஏற்றிய துணி என்றேனே, அது இராமபாணப் பூச்சிக்கு விருந்து. துணியின் மேல் பரப்பைச் சுரண்டித் தின்று தேமல் போல விட்டுவைக்கும். அருங்காட்சியகங்களில் பூச்சி விழுந்த புத்தகத்தைக் காற்றுப்புகாத பையில் கட்டி, மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே ஒரு வாரமாவது உறையவைப்பார்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான். வீட்டில் நாம் செய்யக்கூடியது, மாதம் ஒருமுறை தட்டைக் காலி செய்து, பின்பக்க மூலைகளைப் பெருக்குவது.

தூசிக்கு மென்மையான தூரிகை போதும். பக்கங்கள் திறக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். ஈரத்துணி கூடாது. இதை நான் சொல்வதற்கு ஒரு சிவப்புப் புத்தகம் காரணம். கறையைத் துடைக்கலாமே என்று நனைத்த துணியால் ஒரே ஒரு தடவை இழுத்தேன். கைத்துணி ரோஜா நிறமானது, அட்டையில் கடலோரம் போல வெள்ளைக் கோடு விழுந்தது. ஈரம் காய்வதற்குள் பக்கத்திலிருந்த வெளிர்நிறப் புத்தகத்தோடு சாய்த்து வைத்தேன். ஆக, இரண்டு புத்தகம்.

படிக்கும்போது ஃபாயிலைக் காப்பாற்ற எளிய வழி, பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவதுபோலப் பழுப்புத் தாளில் ஓர் உறை. ஒட்டுநாடா புத்தகத்தில் படவே கூடாது, தாளோடு தாள் மட்டும் ஒட்டினால் போதும். என்னிடம் மூன்று அளவில் மூன்று உறைகள் இருக்கின்றன, படித்து முடித்ததும் கழற்றி அடுத்ததற்குப் போடுவேன். பழைய காகித மேலுறை வைத்த புத்தகமென்றால் தெளிவான பாலியெஸ்டர் உறை போடுங்கள். அட்டையோடு ஒட்டிக்கொள்ளும் பசைப் பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம்.

கூடவே ஒரு நோட்டு. வாங்கிய நாள், பதிப்பு வருடம், மொழிபெயர்ப்பாளர், தையலா பசையா, அப்போது இருந்த குறைகள். இரண்டாம் பிரதியைத் தெரியாமல் வாங்குவதை இது தடுக்கும். நான் இரண்டு தடவை வாங்கிய பிறகுதான் நோட்டு போட்டேன்.

பழுது பார்ப்பதில், அட்டையின் உள்பக்கத்திலிருந்து பிரிந்த தாளுக்குக் கோதுமை மாவுப் பசை தொட்டு ஒட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூட்டு விட்டதும், பாரம் கழன்றதும் பைண்டர் வேலை.

அந்த நீல நாவலுக்கு நாலாவது வருடம் பக்கங்கள் கொத்தாகக் கழன்றன. அப்பாவிடம் கொண்டுபோனேன். மடிப்பை வெட்டியெறிந்த தாளில் மறுபடி மடிப்பு வழியாகத் தைக்க முடியாதே, அதனால் ஓரமாகத் துளை போட்டுக் கட்டுத்தையல் போட்டுக் கொடுத்தார். "இனி பிரியாது, ஆனா திறக்கவும் திறக்காது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். உண்மைதான். ஒரு கையில் பிடித்தால் மூடிக்கொள்கிறது, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தால்தான் படிக்க முடிகிறது. அதனால் இப்போது முன்னட்டையிலும் நாலு வழுக்கைத் திட்டு.